ஷட்டவுன்

முதல் மாத்திரையின் இரவில்
பிலவேந்திரன் எங்கள் ஆறு பேர் துணியையும் துவைத்தான்.
யாரும் கேட்கவில்லை.
ஓவர்ஆலின் கிரீஸைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபடி
நுரை யோசிக்குது பாருடா என்றான்.
சிரித்தோம்.
அவனும் சிரித்தான்,
நாங்கள் நிறுத்திய பிறகும்.

ஜுபைலில் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் இருபத்தொரு நாள்.
பன்னிரண்டு மணி நேரம் முடிந்து
இன்னும் நாலு மணி நேரம் என்று சூப்பர்வைசர்
சும்மா கேட்பதுபோல் கேட்கையில்
தலையாட்ட ஒரு கழுத்து வேண்டும்.
தண்ணீர் டேங்கர்காரனிடம் அது
பதினைந்து ரியாலுக்குக் கிடைத்தது.

மூன்றாம் நாள் ஏசி ரிமோட்டைப் பிரித்து
மெத்தைமேல் வரிசையாக அடுக்கியிருந்தான்.
திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை.
பதினெட்டு டிகிரியிலேயே நின்றுபோன அறையில்
நாங்கள் போர்த்திக்கொண்டு படுத்தோம்.
அவன் சட்டையில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தான்.

இரவு இரண்டு மணிக்கு மனைவியை அழைத்து
போனிலேயே வீடு கட்டினான்.
மாடிப்படி கிழக்கே, கக்கூஸ் வெளியே வேண்டாம்,
ஜன்னலுக்கு ஜன்னல் பெயர்கூட வைத்தான்.
மறுநாள் செங்கல்காரரிடம் பேசிவிட்டேன் என்றாள் அவள்.
எந்தச் செங்கல் என்றான்.

ஆறாம் நாள் குபூஸை முகர்ந்து தள்ளிவைத்தான்.
"இதுல என்ன போட்டீங்க?"
ரஹ்மத்துல்லா பருப்புக் கரண்டியோடு நின்றான்.
"நான் தூங்கறப்போ என்னைப் பத்திப் பேசறீங்க."
நீ தூங்கவே இல்லை என்று
எங்களில் யாரும் சொல்லவில்லை.

சாரத்தின் உச்சியில்
பெல்ட் கொக்கியை மாட்டினான், கழற்றினான்,
மாட்டியாச்சா என்று மறுபடி கழற்றிப் பார்த்தான்.
எத்தனை முறையோ.
கடைசியில் கழற்றியதோடு நின்றுவிட்டான்,
கீழே கடல் எவ்வளவு கிட்டே இருக்கு என்று
எங்களுக்குக் காட்டிக்கொண்டு.
கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

விழவில்லை. நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம்.
முப்பது மணி நேரம் தூங்கினான்.
தூக்கத்திலும் தாடை எதையோ மென்றது.
எழுந்து என்ன கிழமை என்றான்.
புதன் என்றதும் அழுதான்.
புதனுக்கு யார் அழுவார்கள்?

அவன் பையில் மிச்சம் மூன்று இருந்தன.
கழிவறையில் கொட்டிவிட்டதாகச் சொன்னேன்.

அன்று இரவு உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமல்
ரிமோட்டைச் சேர்த்து முடித்தேன்.
ஒரு திருகு மிஞ்சவில்லை.
கை நடுங்கவே இல்லை.
இருபத்தாறில் வைத்தேன், அறை மெல்ல வெதுவெதுத்தது,
எல்லோரும் போர்வையை உதறினார்கள்.
பரவாயில்லையே என்றான் ரஹ்மத்துல்லா.
நான் சிரித்தேன்.

அவன் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.