ஏழு மணிச் செய்தியில் இல்லாதது

ஜோஸ் பீடபூமியில் ஹர்மட்டான் இறங்கிவிட்டது.
ஒலிவாங்கியின் பஞ்சுறைக்குள்ளும் புழுதி.
என் பெயர் சுண்டுங். பெரோம் வீட்டுப் பெண்.
காலை ஏழு மணிக்கு
இந்தப் பக்கத்து ஊர்கள் என் தொண்டையில்தான் விழிக்கும்.

மூன்று ஆண்டுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை வாசித்தேன்:
"ஃபுலானிகள் தாக்குதல். நால்வர் பலி."
நால்வர் என்பது சரி.
தாக்கியது யாரென்று அன்று யாருக்கும் தெரியாது.
எனக்கும்தான்.
மதியத்துக்குள் சந்தையில் பால் விற்க வந்தவளின்
சுரைக்குடுவைகள் உடைந்து, தார் ரோட்டில் தயிர்.
இரவில் மேய்ச்சல்காரர் குடிசைகள் பன்னிரண்டு எரிந்தன.
அந்தச் செய்தியின் நீளம் ஆறு நொடி.
பதிவைப் போட்டுப் போட்டு அளந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு சொல்லை எழுதிவிட்டால்
இருட்டியபின் அது யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று
யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.
ஆசிரியர் டாவூவுக்குப் பொறுக்காது.
"செய்தி எழுதுறியா, சோறு வடிக்கிறியா? ஆறிப்போகுது!"

ஆறட்டும்.

வெள்ளீயம் தோண்டியவர்கள் விட்டுப்போன பள்ளத்தில்
தேங்கிய தண்ணீர்தான் எங்களுக்குக் கோடை.
கரையெல்லாம் உருளைக்கிழங்குப் பாத்தி.
மாடு இறங்கும் பழைய தடத்தை
கள்ளிவேலி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது.
துருப்பிடித்த சுரங்க எந்திரத்தின் நிழலில்
இரு சாராரையும் உட்காரவைத்தோம்.
முதல் வாரம் யாரும் பேசவில்லை;
என் கருவியில் இரண்டு மணி நேரக் காற்று.
இரண்டாம் வாரம் எல்லோரும் பேசினார்கள்;
அதிலும் ஒரு வார்த்தை தேறவில்லை.
மூன்றாம் வாரம் நான் கேட்டேன்:
தடம் எத்தனை அடி அகலம் வேண்டும்?

நாற்பது எட்டு என்றார் ஹம்மாதி.
பத்து என்றான் கியாங்.
யார் காலால் எட்டு என்று ஒருவர் கேட்க,
நெட்டைக்கால் ஹம்மாதியும் குட்டைக்கால் கியாங்கும்
எழுந்து நின்று அளந்து காட்ட,
பின்வரிசையில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள்.
கடைசியில் ஒத்துக்கொண்ட கணக்கு இது:
எதிரெதிரே வரும் இரண்டு சினைமாடுகள்
வயிறு உரசாமல் கடக்கிற அகலம்.

அன்று கூட்டம் கலைந்ததும் கானெங் என்னை ஓரமாய் அழைத்தாள்.
"அதை அணை."
அணைத்தேன்.
குடிசைகள் எரிந்த இரவில்
தாக்கோவின் பிள்ளைகள் இருவர்
அவள் கிழங்கு மூட்டைகளுக்கு அடியில் படுத்திருந்தார்களாம்.
சின்னவனுக்கு இருமல்.
அவன் இருமும்போதெல்லாம் இவளும் உரக்க இருமினாளாம்,
வாசலில் நின்ற தன் அண்ணன் காதில் விழும்படி.

எவ்வளவு நல்ல செய்தி!
எழுதினால் தலைநகரில் விருது தருவார்கள்.
அவள் தெருவில் என்ன தருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.
அன்பைச் சொன்னாலும் எரிகிற ஊர் இது.
மறுநாள் ஏழு மணிக்கு வாசித்தேன்:
"குட்டைக்கு இறங்கும் தடம் வியாழன் முதல் திறக்கும்.
அகலம், இரண்டு சினைமாடு."

வியாழன் வந்தது. மாடுகளும் வந்தன.
மூன்று பாத்தி மிதிபட்டது.
கியாங் கத்தினான். ஹம்மாதி கத்தினார்.
நஷ்டத்துக்குப் பாலா பணமா என்பது
இன்றுவரை தீரவில்லை. வாராவாரம் சொல்கிறேன்.
டாவூ முனகுகிறார்: "பாத்திக்கெல்லாமா செய்தி?"

ஒலிபரப்பாதது ஒன்று.
கடைசி மாட்டை ஓட்டி வந்த தாக்கோவின் சின்னவன்
கானெங்கின் வரப்பை நெருங்கியதும்
தொண்டையைச் செருமினான்.
அவள் நிமிரவில்லை.
கிழங்கு மண்ணைத் தட்டியபடி
ஒருமுறை இருமினாள்.

புழுதிக் காலம், இங்கே எல்லோருக்கும் இருமல்தான்.
இதில் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.
குட்டையையும்.