எட்டு லிட்டர் நீலம்

முதுநகர் கடைத்தெருவில் வாங்கினேன்.
பில்லில் 'வீட்டு வேலை' என்று எழுதினார் கடைக்காரர்.
திருத்தச் சொல்லவில்லை.
வீட்டு வேலைதான், நாற்பத்தொரு வீடுகள்.

சோனாங்குப்பத்தில்
இன்னும் வராத ஓர் ஆண்டின் கடலை
சுவர் சுவராகக் கோடிழுக்க வேண்டும்.
நிதி கேட்ட மனுவில் அதை
ஓவியம் என்று சொல்லியிருந்தேன்.

கொத்தனார் வேதமாணிக்கம் மட்டக்குழாயோடு வந்தார்.
முப்பது அடி. இரண்டு முனையிலும் கட்டைவிரல்.
தண்ணீர் எங்கே நிற்கும் என்று
தண்ணீரையே கேட்கிற கருவி.

முதல் வீட்டில் முழங்கால் என்றது.
மூன்றாம் வீட்டில் கேஸ் அடுப்பு.
ஐந்தாவதில், சரிவில்,
கரண்டு மீட்டரின் சிவப்பு எண்கள்.

ஏழாவது வாசலை மறித்தாள் அஞ்சலாட்சி,
சங்கரா அரிந்த கத்தியைக் கழுவாமலே.
"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க.
செவுத்துல இத்த இழுத்து வெச்சா
தண்ணி பூந்த வூடுன்னு எழுந்து போயிருவாங்க."

தானே புயலில் கூரை போன வீடு.
பதினைந்தில் சேற்றை அள்ளி அள்ளி வெளியே கொட்டிய வீடு.
எதற்கும் தழும்பில்லை.
பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு
பழையதை விழுங்கிவிடுகிறது.

"அதெல்லாம் நான் பாத்தது.
நீ வரையறியே, இத்த யாரு பாத்தது?"

அறிக்கை இருந்தது என்னிடம்,
வரைபடம், சென்டிமீட்டர்.
எல்லாம் தொண்டைவரை ஏறி
அங்கேயே மட்டமாக நின்றுகொண்டது.

அவள் வீட்டை விட்டுவிட்டோம்.
ஆறில் நின்ற கோடு எட்டில் தொடர்ந்தது.
நடுவே பதினோரு அடி வெறும் வெள்ளை.

வெள்ளிக்கிழமை
தாழங்குடாவிலிருந்து வேனில் வந்தார்கள்.
மாப்பிள்ளையின் தாய்மாமன் தெருவை நடந்தே பார்த்தவர்
ஏழாவது வீட்டெதிரில் நின்றார்.
"இங்க மட்டும் ஏன் இல்ல?
கடலு சுத்திக்கினு போவுமா?"

அவர்கள் ஊரில் போன மழைக்கு
இரண்டு தெருவைக் காணோமாம்.
காப்பி ஆறும்வரை அதையே பேசினார்களாம்.
சம்பந்தம் முடிந்ததா, நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடியலில் கதவைத் தட்டினாள்.
பின்னால் நான்கு பெண்கள்,
ஏலம் முடித்த கூடைகளோடு.
டப்பாவின் அடியில் கொஞ்சம் நீலம் இருந்தது, எடுத்து நீட்டினேன்.
"அது கெடக்கட்டும். அந்தக் குழா எங்க?"

வேதமாணிக்கத்தின் சைக்கிளில் என்றேன்.

"சிப்காட் கேட்டுல எந்த எடத்துக்கு வரும்?
கலெக்டர் ஆபீசுல?
எங்க செவுத்துல மட்டும் எதுக்குக் காட்டுற,
நாங்க என்ன கொளுத்தினோம்?"

இந்தக் கேள்வி மனுவில் இல்லை.
என் ஓவியத்திலும் இல்லை;
அவர்கள் கேட்டபிறகு
அது மட்டும்தான் இருந்தது.

முப்பது அடிக்குழாயைத் தரையில் நீட்டி
காலால் அளந்து பார்த்தாள் ஒருத்தி.
பத்தாது என்றாள்.

கடை எட்டு மணிக்குத் திறக்கும்.
ஷேர் ஆட்டோவில் ஆறு பேர்,
மடியில் சுருட்டிய குழாய்.
உள்ளே மிச்சமிருந்த தண்ணீர்
ஒவ்வொரு பள்ளத்திலும்
இந்த முனைக்கும் அந்த முனைக்கும்
ஓடி ஓடி
இன்னும் நிற்கவில்லை.