அரை அங்குலம்

தாராபுரத்துக் கட்டடத்தை இடிக்கலாமா என்று
பார்த்து எழுதித் தரச் சொன்னார்கள்.
ரசமட்டம், டேப், டார்ச், ஒரு பாட்டில் மோர்.
பஸ் ஏறிவிட்டேன்.

ஆடி மாதம்.
கணவாயில் புகுந்த காற்று
பொள்ளாச்சி தாண்டியும் வேகம் குறையாமல்
பஸ் ஸ்டாண்டுக் கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது.
வாசலைக் கிழக்கே வைத்திருந்தார் அத்தப்பன்.
உள்ளே கால் வைத்ததும் காற்று நின்றுவிட்டது,
யாரோ அதட்டியது போல.

செ. அத்தப்பன், பொதுப்பணித்துறை.
சீனச் சண்டைக்குப் பிறகு
ஆறு ஊருக்கு ஆறு ஆள்சேர்ப்பு மண்டபம் வரைந்தவர்.
காங்கேயம், பெருந்துறை, கோபி, தாராபுரம்,
வெள்ளகோவில், கடைசியில் மூலனூர்.
கவாத்துக்கு ஒரு முற்றம், துப்பாக்கிக்கு ஓர் அறை,
டாக்டருக்கு ஓர் அறை.
எதுவும் கோட்டை போல மிரட்டாது.
பருத்திக் கிட்டங்கி என்று நினைத்து
யாவாரி ஒருத்தர் வாடகை கேட்டாராம்.

துப்பாக்கி அறையில் இப்போது ரேஷன் கோணி.
எலி ஓடுகிறது.
சுவரில் விரிசல் இல்லை. தட்டிப் பார்த்தேன்,
நல்ல பானை போலச் சத்தம்.

டாக்டர் அறையில்
உயரக்கோலைச் சுவர்க்கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்.
கோட்டுக்குக் கோடு சுத்தம்.
அதன் அடியில் ரசமட்டத்தை வைத்தேன்.
குமிழி நகர்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

இரண்டடிச் சதுரத்தில் ஒரு கருங்கல் பலகை.
சுற்றியுள்ள தரையைவிட அரை அங்குலம் மேலே.
விளிம்பைச் சரித்து இழைத்திருந்தார்கள்,
ஏறி நிற்கிற காலுக்குத் தெரியாதபடி.

கொத்தன் பிசகு என்றுதான் நினைத்தேன்.
காங்கேயத்திலும் அரை அங்குலம்.
பெருந்துறையில், கோபியில்.
ஒரே பிசகை நாலு ஊர்க் கொத்தனும் செய்வானா?

ஈரோட்டு ஆபீசில் பழைய பணிப்பதிவேட்டைத் தேடி எடுத்தேன்.
பெயர்: அத்தப்பன்.
அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு.
உயரம்: ஐந்தடி ஒன்றரை.
அன்றைக்குப் பட்டாளத்துக்குக் கேட்டது
ஐந்தடி இரண்டு.

சிரித்துவிட்டேன், தனியாக, பீரோவுக்கு நடுவில்.
மானாவாரிக் காட்டில் கம்பும் கொள்ளும் தின்று
இழுத்துப் பிடித்து வளர்ந்த பையன்கள்
அவர் போட்ட கல்லில் நின்று
ஜெயித்துப் போயிருப்பார்கள்.
எத்தனை பேர் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

அப்புறம் வெள்ளகோவில் ஃபைல்.
உள்ளே பஞ்சாயத்திலிருந்து ஒரு கடுதாசி.
எல்லையில் இறந்த மூன்று பேருக்கு
முகப்பில் பெயர்க்கல் பதிக்க இடம் விடணும்.
முத்தய்யன். சின்னக்காளி. மாரிக்கவுண்டன்.
சின்னக்காளிக்கு நேரே பென்சிலில்,
வரைபடக்காரர்களுக்கே உரிய குத்தெழுத்தில்:
5 அடி 1½.

வேறொன்றும் எழுதவில்லை.
அடிக்கோடுகூட இல்லை.

வெள்ளகோவில் தரை மட்டமாக இருந்தது.
குமிழி நட்ட நடுவில், அசையாமல்.

மூலனூருக்கு நான் போயிருக்க வேண்டியதில்லை.
அந்தக் கட்டடம் என் பட்டியலில் கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் காசில் போனேன்.
கூரை போய்விட்டது. கிளுவை வேலி
வாசல்வரை வந்து நிற்கிறது.
உயரக்கோல் மட்டும் அப்படியே இருந்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு
முதுகைக் கல்லில் ஒட்டி நின்றேன்.
என் உயரம் எனக்குத் தெரியும்.
அரை அங்குலம் குறைத்துக் காட்டியது.

யாரைத் தடுக்கப் பார்த்தார்?
எத்தனை பேர் அழுதுகொண்டு
தூரம்பாடி ரோட்டில் திரும்பி நடந்தார்கள்?
அவர்களில் ஒருத்தனாவது
இவரைத் திட்டாமல் இருந்திருப்பானா?

படிவத்தில் ஒன்பதாவது கேள்வி:
தளம் மட்டமாக உள்ளதா? ஆம் / இல்லை.
தாராபுரத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பாதத்தில் ஈரம்.
முந்தின நாள் மழை அந்தச் சதுரத்தில்
அரை அங்குலம் நின்றிருந்தது.
நான் விலகக் காத்திருந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்று
முன்னங்காலை மடக்கிக்கொண்டு
அதைக் குடிக்க ஆரம்பித்தது.