பதினாறுக்கு எட்டு

மன்னார்குடி பந்தலடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன்.
காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி
எதுவானாலும் சதுர அடி பதினாலு ரூபாய்.
செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவது இலவசம்.

ஐப்பசி மழைக்கு இரண்டு நாள் முன்னால்
நிஷார் வந்தான். கூடவே ஏழெட்டுப் பேர்,
பாமணி யுனைடெட்டின் மஞ்சள் பனியனில்.
"பதினாறுக்கு எட்டு. சனிக்கிழமை மேட்சுக்கு வேணும்.
எங்கள் டீம் விற்பனைக்கு அல்ல."

சேர்த்து எழுதவா, பிரித்தா என்றேன்.
"பிரிச்சே போடுங்க. எதிர் கேலரிக்குத் தெரியணும்."

எங்கள் என்ற சொல் துணியில் இறங்கவே
நாலு நிமிஷம் ஆகும் என் மெஷினில்.
அதற்குள் கடை கொள்ளாத பேச்சு.
வாங்க வருவது குஜராத்து டைல்ஸ் கம்பெனி என்றான் ஒருவன்.
ஐதராபாத் ஆஸ்பத்திரிக்காரன் என்றான் இன்னொருவன்.
யாராயிருந்தாலும் பேரை மாற்றுவான்,
மஞ்சளை நீலமாக்குவான்,
ரெண்டு சீசன் பொறுத்து மொத்தத்தையும் லாரியில் ஏற்றிக்
கோயம்புத்தூரில் இறக்குவான்.

"ஜெகவீரன் மில்லு, ஜெகவீரன் டீமு. அவரு விக்கிறாரு.
உனக்கென்ன? எம்பது ரூவா டிக்கெட்டு."
"எம்பது ரூவா, நூத்திப் பதினோரு தடவ," என்றான் நிஷார்.
என் கால்குலேட்டரை இழுத்துத் தட்டினான்.
எட்டாயிரத்து எண்ணூற்று எண்பது.
எல்லாரும் கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்தோம்.
கோல்போஸ்ட்டுக்கு வலைகூட வராது.

அப்போதுதான் வினோதா வந்தாள்,
அரசு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டிக்குப் போகிற வழியில்.
மெஷினில் தொங்கியதைப் படித்தாள்.
"எங்கள்னா யாரு? நான் அதுல உண்டா?"
"நீ இல்லாமயா?"
"அப்ப நம்மன்னுல்ல போட்டிருக்கணும்."

மெஷின் விற்பனையைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"லால்தங்காவுக்கு முட்டி வீங்கிப் பதினெட்டு நாளு.
ஸ்கேனுக்குத் தஞ்சாவூர் போடான்னா
பஸ்ஸுக்கு எங்கிட்ட கேக்குறான். நாலு மாசமா சம்பளம் இல்ல.
ஐசால்ல இருக்குற அம்மாகிட்ட போன்ல
ஜெயிச்சோம் ஜெயிச்சோம்ங்குறான், தோத்த அன்னிக்கும்.
வித்துத் தொலைங்க.
ஒண்ணாந்தேதி காசு போடுறவன் எவனோ அவன் ஓனர்."

நிஷார் பனியனின் கழுத்தை இழுத்துவிட்டுக்கொண்டான்.
"வாங்குனவன் மொதல்ல யாரைக் கழிப்பான்?
முட்டி போனவனைத்தான, அக்கா?"

அவள் கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

அல்ல அடித்து முடிந்தது. ஓரம் மடித்து
வளையம் குத்திச் சுருட்டினேன்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
இருநூறு குறைந்தது. வினோதா வைத்தாள்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை,
நானும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை மேட்ச் இருபதாவது நிமிஷத்தில் மழையில் நின்றது.
விற்றாயிற்றா என்றால், பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

பன்னிரண்டு நாள் கழித்து எடமேலையூர்ப் பக்கம் போனேன்,
ஒரு கண்ணீர் அஞ்சலி பாக்கி வசூலிக்க.
கொள்முதல் நிலையத்து வாசலில், ரோட்டின் பாதி வரை,
ஈரப்பதம் பத்தொன்பது என்று தள்ளிவைத்த குறுவை நெல்.
ஒரு குவியலின் மேல் என் மஞ்சள்.
காற்றுக்குச் செங்கல் வைத்து
கடைசி முழத்தை உள்ளே மடித்துவிட்டிருந்தார்கள்.
டீமின் மேல் ஒரு நாய் சுருண்டிருந்தது.
மிச்சத்தைப் படிக்க முடிந்தது:
எங்கள்
விற்பனைக்கு

குடைக்குள்ளிருந்து ஒருவர் எழுந்தார்.
"வாங்குறவங்களா?"
இல்லை, இதை அடித்துக் கொடுத்தவன் என்றேன்.
திரும்ப உட்கார்ந்துகொண்டார்.
"நல்ல துணிதான். இதுவரைக்கும் ஒரு சொட்டு இறங்கல."