வந்த நேரம், போன நேரம்

ஆடி மாதம் கோத்தகிரியில்
மழை மட்டும்தான் அறை கேட்டு வந்தது.
நூற்றி ஒன்று முதல் நூற்றி ஒன்பது வரை
ஒன்பது சாவிகளும் ஆணியிலேயே தொங்கின.

மே மாதம் தங்கிய குடும்பம் விட்டுப்போன
கேம் பெட்டி அலமாரியில் கிடந்தது.
போன் போட்டேன். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்,
பையனுக்கு வேறு வாங்கியாச்சு என்றார்கள்.
உள்ளே ஒரே ஒரு டிஸ்க்: பேஸ்பால்.

எனக்குக் கிரிக்கெட் தெரியும்.
பாக்கியசீலிக்குப் படுக்கை விரிப்பின் நான்கு மூலையும் தெரியும்.
பட்டியலில் ஆகக் கடைசி அணியை எடுத்தோம்,
சட்டை தேயிலைப் பச்சையாக இருந்ததால்.
ஆட்டக்காரர் பெயர்கள் வாயில் நுழையவில்லை,
அறை எண்களை வைத்தோம்.

பதினெட்டு ஆட்டத்தில் பதினாறு தோல்வி.
வந்த பந்தையெல்லாம் மலை தாண்டி அடிக்கப் பார்த்தோம்.
பெரிய பொத்தான், பெரிய வீச்சு.
மட்டை சுற்றி முடித்தபின் பந்து வரும்,
அல்லது பந்து போய்ச் சேர்ந்தபின் மட்டை.
நூற்றி ஏழு தனி ரகம்:
நாற்பத்தோரு முறை வந்து நின்றான்,
முப்பது முறை காற்றை அடித்தான்.
நிஜ நூற்றி ஏழில் கூரை ஒழுகும்.
"ரெண்டுக்கும் வாளி வைக்கணும்" என்றாள்.

அன்றிரவு விருந்தினர் பதிவேட்டை எடுத்தேன்.
ஜூலை முழுக்க வெற்றுக் கட்டங்கள்.
பெயர் என்ற இடத்தில் பேட்டர்.
ஊர் என்ற இடத்தில், பந்து விழுந்த இடம்:
மேலே, உள்ளே, முழங்காலுக்குக் கீழே, வெளியே.
வந்த நேரத்தில் பந்தின் வகை.
போன நேரத்தில், அடித்தோமா விட்டோமா.

நான்கு இரவில் பதிவேடு வாய் திறந்தது.
நாங்கள் செத்ததெல்லாம் ஒரே ஊரில்.
கீழே, வெளியே.
நேராக வருவதுபோல் வந்து
கட்டபெட்டு வளைவில் பஸ் ஒடிப்பதுபோல்
கடைசி நொடியில் ஒடிகிற பந்து.

பாக்கியசீலி பந்தைப் பார்க்கவே இல்லை,
எறிகிறவனையே பார்த்தாள்.
"வளைக்கிறதுக்கு முந்தி தோளத் தாழ்த்துறான் பாருங்க.
டிப்ஸ் வைக்காமப் போறவங்களும் இப்படித்தான்,
பையத் தூக்குறப்பவே தெரிஞ்சிரும்."

சட்டம் எழுதினோம். பென்சிலில்.
முதல் பந்தைத் தொடாதே, வெல்லக்கட்டியாக வந்தாலும்.
(இதை மூன்றாம் நாள் அழித்தோம். எறிகிறவன் அதற்குள்
நடுவில் போடக் கற்றுக்கொண்டிருந்தான்.)
ஒரு பந்துக்கு ஓர் இடத்தை மட்டும் நினை,
அங்கே வராதது நம்முடையதில்லை.
இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தால் சின்னப் பொத்தான்,
தொட்டாலே போதும்.
தோள் தாழ்ந்தால் சும்மா நில்.

சும்மா நிற்பதற்குத்தான் பொத்தான் இல்லை.
கட்டைவிரல் தானாகத் துள்ளியது.
பாக்கியசீலி நூற்றி ஏழின் பித்தளைச் சாவியை எடுத்து
விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவில் செருகினாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், ஒரு ரன் பாக்கி,
மூன்று பேஸிலும் ஆள், இரண்டு அவுட்.
வந்தவன் யார்? வேறு யார்.
மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்.
வெளியே தேயிலைச் சரிவில் காட்டெருமை ஒன்று செருமியது.
மாடியில் வாளி ஒரு சொட்டு வாங்கியது.
தோள் தாழ்ந்தது.
சாவி சில்லென்றிருந்தது.
பந்து கட்டபெட்டில் திரும்பி மண்ணில் விழுந்தது.

மட்டையைக் கீழே போட்டுவிட்டு
நூற்றி ஏழு முதல் பேஸுக்கு நடந்தான்,
மதியம் பன்னிரண்டுக்கு இன்னும் நேரமிருக்கிற
விருந்தாளி மாதிரி.
மூன்றில் நின்றவன் உள்ளே வந்தான். சமம்.

நூற்றி எட்டு முதல் பந்தையே தூக்கியடித்துப் பிடிகொடுத்தான்.
பதினோராவது இன்னிங்ஸில் தோற்றோம்.
அதை எழுதாமல் விடலாம்தான்,
பதிவேட்டில் இருக்கிறதே.

மாதக் கடைசியில் முதலாளி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்தார்.
பக்கத்தைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு
திரும்பப் புரட்டினார்.
"பெள்ளிராஜ், யாருய்யா இந்த நூற்றி ஏழு?
ஒரே ராத்திரியில அஞ்சு தடவ வந்திருக்கான்,
ஊரு 'கீழே வெளியே'ன்னு போட்டிருக்கு,
வாடகை எங்க?"

நான் ஆணிகளைப் பார்த்தேன்.
பாக்கியசீலி நிறைந்த வாளியோடு படியிறங்கி வந்தாள்.
"அவர் தங்கலைங்க சார்," என்றாள்,
"நடந்தே போயிட்டார்."