புழு வைத்த புள்ளி

தரங்கம்பாடியில் அந்த ஐப்பசி முழுதும்
துணி காயவில்லை.
கடுக்காயும் எருமைப்பாலும் ஊறிய சீலைகள்
கொட்டகையில் புளித்துக் கிடந்தபோதுதான்
ஹோல்க் பாதிரி ஆள் அனுப்பினார்:
கோடு தவறாத கை வேண்டும்,
அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாத கையாக இருந்தால் நல்லது.

ராஜா வீதியில் அர்மீனியர் வீடு.
முத்து வியாபாரி ஹோவ்சேப் பெகுவில் இறந்து
மூன்று மழை கடந்திருந்தது.
அவர் மனைவி வர்தூகி
பறங்கிப் பேச்சும் தமிழும் பாதிப் பாதியாய்ப் பேசுபவள்,
நெற்குதிருக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.
ஈரம் அண்டாதாம்.
அட்டையில் உமி ஒட்டியிருந்தது.

கன்றுத்தோல் ஏடு. ஐந்நூறு வருஷம் என்றார் பாதிரி.
அவர் விரல் நடுங்கியது.
அந்த நடுக்கத்தை மீன் ஏலத்தில் பார்த்திருக்கிறேன்,
விலை கேட்பதற்குச் சற்று முன்னால் வருவது.

முதல் ஏட்டில் ஒரு நாரை
தன் முதுகைத் தானே கொத்திக்கொண்டிருக்க
அதன் வாலைக் கவ்வி இன்னொன்று தொங்கியது.
"எழுத்து எங்கே?" என்றேன்.
"அந்தப் பறவைகள்தான் எழுத்து."
இருக்கலாம்.
ஆனால் அந்தக் கண்ணைத் தீட்டியவன்
நம் உப்பனாறு மாதிரி ஏதோ ஒரு கரையில்
நாள் முழுக்கக் குந்தியிருந்தவன்.
எழுத்துக்கு எதற்கு இமை?

சிவப்பில் மாட்டிக்கொண்டேன்.
என் சாயவேர்ச் சிவப்பு துணியில் நின்று வெயிலை ஜெயிக்கும்,
காகிதத்தில் வெறும் செங்கல்பொடி.
இதுவோ இன்று காலை அறுத்த காயம்.
வர்தூகி சொன்னாள்: புழு.
எங்கள் மலையடியில் விடியுமுன்
மண்ணைவிட்டு வெளியே வரும்,
வெயில் ஏறுவதற்குள் பொறுக்க வேண்டும்.
அவள் அந்த மலையைப் பார்த்ததில்லை.
பிறந்தது இஸ்பஹானை ஒட்டிய புதிய சுல்ஃபாவில்.
எங்கள் என்றுதான் சொன்னாள்.

எட்டாம் நாள் பாதிரி விலை கேட்டேவிட்டார்.
அவள் கடைசி ஏட்டைத் திருப்பி வாசித்தாள்:
இப்புத்தகம் சிறைபட்டது.
குதிரைக்காரர் கொண்டுபோனார்கள்.
ஒருத்தி தன் வெள்ளி ஒட்டியாணத்தைக் கழற்றிக் கொடுத்து மீட்டாள்.
வாசிப்போரே, அவளை நினையுங்கள்,
குளிரில் விறைத்த என் விரல்களையும்.
"இதை விற்றவர் யாரும் இல்லை ஐயா. மீட்டவர்தான் உண்டு."
பாதிரி தொப்பியைக் கையில் வைத்துத்
திருப்பிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரு சொல் மாட்டிக்கொண்டது.
மாயூரத்துப் புலவர் ஒருவர்
அங்கவஸ்திரத்துக்குப் பாக்கி வைத்துப்
பணத்துக்குப் பதிலாய்த் தந்துபோனது:
சிறை என்றால் அடைக்கிற இடம்,
சிறை என்றால் இறக்கையும்தான்.

உள்ளது உள்ளபடி பிரதி எடுத்தேன்,
மெழுகு சொட்டிய கறை உட்பட.
ஏழாம் வரியில் பூச்சி தின்ற ஓட்டையை
மசியால் வட்டமாய் நிரப்பினேன்.
ஒரு புழு எழுதியதை
இன்னொரு புழு வாசித்திருக்கிறது,
இரண்டையும் விடக்கூடாது என்று பட்டது.

தை மாதக் கப்பலில் பிரதி போனது.
மாசியில் வர்தூகி சென்னப்பட்டணம் போனாள்,
புத்தகத்தை இடுப்போடு கட்டிக்கொண்டு.
குதிர் நெல்லை எனக்கு அளந்துவிட்டாள்.

மூன்றாம் வருஷம் கோபன்ஹேகனிலிருந்து கடிதம்.
நான்கு பண்டிதர், நான்கு கட்சி.
ஏழாம் வரிப் புள்ளி பழைய உயிர்க்குறி என்று ஒருவர்.
ஓர் அரசன் பெயரின் சுருக்கம், இது இன்னொருவர்.
மூன்றாமவர் இருவரோடும் பேசுவதில்லை.
நான்காமவர் நூலே எழுதத் தொடங்கிவிட்டாராம்.
பறவைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"என்ன அது?" என்றார் பாதிரி.
"புழு" என்றேன்.
நெடுநேரம் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
பதில் எழுத இறகை மசியில் தொட்டார்.
நான் வெளியே வரும்வரை
தொட்டபடியேதான் இருந்தது.

அன்று நல்ல வெயில்.
மலாக்காவுக்குப் போகிற சீலையின் கரையில்
அந்த நாரையை எழுதிக்கொண்டிருந்தேன்,
எந்த எழுத்து என்று தெரியாமல்.