முப்பத்தேழு மாதம்

நான் மேலும் கீழும் போகிற வேலைக்காரன்.
பன்னிரண்டாம் மாடி, தரைத்தளம், மோட்டார் அறை,
இருபத்தொன்று, மறுபடி தரைத்தளம்.
அங் மோ கியோவில் பாதி மின்தூக்கிகளின் இருமல்
எனக்கு அத்துப்படி.
பக்கவாட்டில் போக ஆசை வந்தது
நாற்பத்தொன்பதாம் வயதில்.

ஊபியில் நான்கு சனிக்கிழமை அலைந்தேன்.
காரைக் காட்டுவதற்குமுன்
கால்குலேட்டரைக் காட்டினார்கள்.
ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம், மாதத்துக்கு இவ்வளவு.
மிச்ச ஆயுளை நிறுத்து விற்கிற ஊர் இது,
ஈரலை நிறுப்பதுபோல.

கடைசியில் கிடைத்தது பொங்கோலில்,
பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்தில்:
ஒரு மாஸ்டா, இரண்டே இருக்கை,
கத்தரிக்காய் நிறம்,
பொத்தானை அழுத்தினால் எழுந்து பார்க்கும் விளக்குகள்.
இடது விளக்கு சற்றுத் தாமதித்து எழுந்தது,
பள்ளி விடுமுறையில் என் மகன் எழுவதுபோல.
உரிமைச் சான்றிதழில் முப்பத்தேழு மாதம்.
அதற்குமேல் புதுப்பிக்க முடியாது.
முடியும் தேதி அச்சடித்த பொருளென்று
அதுவரை நான் வாங்கியதெல்லாம் பால்தான்.

விற்பவன் பெயர் குவெக் வெய் ஜியே.
அவன் மனைவி தூணோரம் நின்றாள், எட்டு மாதம்.
ஏன் விற்கிறாய் என்று நான் கேட்கவில்லை.
கம்பளத்தைத் தூக்கித் துரு பார்த்தேன்.
மழைநீர் வடியும் துளைக்குள் கம்பி விட்டேன்.
எஞ்சினருகே காது வைத்தேன்: டிக், டிக்.
"சூடானால் நின்றுவிடும்" என்றான்.
நின்றது.
பொய் சொல்லத் தெரியாதவன் என்று மனதில் குறித்துக்கொண்டு
ஆயிரத்தைந்நூறு குறைத்துக் கேட்டேன்.

கைப்பேசியில் அவன் ஒரு தட்டு, நான் ஒரு தட்டு.
தேக்காவில் முறுக்கு வாங்கவே
இதைவிட நேரமாகும்.
சாவியை நீட்டியவன் விடவில்லை.
"ஒரே ஒரு ரவுண்டு?"

போனான்.
ஐந்து நிமிடம். பத்து.
என் பெயரில், என் காப்புறுதியில், என் கடனில் ஒரு கார்
வேறொருவன் காலடியில் எங்கோ உறுமிக்கொண்டிருந்தது.
அவள் தண்ணீர்ப் போத்தலைத் திருகி மூடினாள்.
"தெம்பனிஸ் விரைவுச்சாலை வரை போவார்.
முதன்முதலில் என்னைக் கூட்டிப்போன வழி."
பிறகு, என்னைப் பார்க்காமல்,
"விற்கச் சொல்லி நான் ஒருநாளும் சொல்லவில்லை.
முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்."
இருபத்தாறு நிமிடம் கழித்து வந்தான்,
பெட்ரோல் நிரப்பிக்கொண்டு.

குணவதிக்குத் தொலைபேசினேன்.
"ரெண்டு சீட்டா? அப்ப பையன்?"
"பஸ்ல வருவான்."
கரண்டி சட்டியில் இரண்டு முறை உரசியது.
"மூணு வருசப் பைத்தியம்தானே. சரி."
"ஒரு மாசம் கூட" என்றேன்.

வீடு திரும்புகையில் கூரையைத் திறந்தேன்.
கால் நூற்றாண்டாய்ப் பெட்டிக்குள் நின்றவனுக்கு
வானம் கொஞ்சம் அதிகம்;
கழுத்தைச் சுருக்கிக்கொண்டே ஓட்டினேன்.
செங்காங் சந்திப்பில் சிவப்பு விழுந்தது,
கூடவே மழை.
கூரையை இழுத்தேன். வலக் கொக்கி மாட்டியது,
இடக் கொக்கி மாட்டவே இல்லை.
பக்கத்தில் ஒரு லாரி.
தலைக்கவசங்களை மடியில் வைத்துப் பத்துப் பன்னிரண்டு பேர்,
பாதித் தூக்கத்தில்.
ஒருவன் தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்தான்
என்னை, என் நனைந்த தொடையை,
காற்றில் படபடக்கும் அரைக்கூரையை.
"அண்ணே," என்றான், புதுக்கோட்டைப் பக்கத்துக் குரல்,
"எங்களுக்கே கூரை இருக்கு."

லாரி முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
பச்சை விழுந்தது.
அவர்கள் போனார்கள்.
எனக்கு முதல் கியர் விழவில்லை.